கொரியாக்காரி கடையில் கை நனைத்தது

உங்களுக்கு வேறு வேலையே இல்லையா? அந்தப் பெடியனுடைய கல்யாணம் எப்படி முற்றானது, யார் முதலில் வாய் திறந்தது, பெண் பகுதியை யார் போய் விசாரித்தது என்று கனடாவிலிருந்து போன் எடுத்துக் கேட்கிறீர்கள், பாரிசிலிருந்து கேட்கிறீர்கள், ஹவுன்ஸ்லோவிலிருந்து பஸ் மாறி வந்தும் கேட்கிறீர்கள். வீடு தர முன்னம் கவுன்சில்காரன்கூட என்னிடம் இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. அடுத்த வீட்டு விடுப்புக் கேட்பதற்குச் சம்பளம் கொடுத்தால் எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் பெனிபிட் தேவைப்படாது. சரி, சொல்கிறேன். சொல்லாவிட்டால் நீங்களாகவே ஒன்றைக் கட்டிவிடுவீர்கள். அதைவிட நான் கட்டுவது கொஞ்சம் நன்றாயிருக்கும்.

மாப்பிள்ளை என் கூட்டாளியின் பேரன். கூட்டாளி என்பவர் கோலியர்ஸ் வுட்டில் எங்கள் தெருவில் நாலு கதவு தள்ளி இருக்கிற அக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவர். நாலு பேர் முன்னால் மட்டும் என்னைத்தான் மூத்தவள் என்பார். அவர் யாழ்ப்பாணத்துச் சைவம், நான் மன்னாரில் பிறந்த வேதக்காரி. அவர் கோவிலுக்குப் போகிறார், நான் மாதா கோவில் பூசைக்குப் போகிறேன், முழங்காலுக்கு ஊசி போட இரண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். சிநேகிதம் பிடிக்க இதைவிட என்ன வேண்டும்?

அவருடைய மகளும் மருமகனும் விமான நிலையத்தில் மாறிமாறி ஷிப்ட் அடித்த காலத்தில் அந்தப் பெடியனை வளர்த்தது அக்காதான். சோறு குழைத்து வாயில் தீத்தினது, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டது, ரீச்சர்மாரிடம் அவனுக்காகப் பொய் சொன்னது எல்லாம் அவர்தான். இப்போது அவன் வேலையும் தாடியுமாய்த் தனியே இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் அம்மம்மாவின் சமையலைச் சாப்பிட வருவான். அந்த ஒரு மத்தியானத்துக்காக அக்கா வியாழக்கிழமையே நண்டு தேடத் தொடங்குவார். மிச்ச நாள்கள் எல்லாம் அவருக்கு அந்த மத்தியானத்துக்கு முன்னால் நிற்கிற கியூ.

அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்டுக்காலைக் கடித்துக்கொண்டே, தான் ஒரு கொரியப் பெட்டையைக் கட்டப்போவதாகச் சொன்னான். போனில் படமும் காட்டினான். அவர்களும் தாயைக் கிட்டத்தட்ட அம்மா என்றும் தகப்பனை அப்பா என்றும்தான் கூப்பிடுவார்களாம். ஆகவே பாதிச் சொந்தம் ஏற்கனவே வந்துவிட்டதாம். யூனிவர்சிட்டிக்கு அனுப்பிப் படிப்பித்த பிள்ளையின் நியாயம் அப்படி. மகளுக்கும் மருமகனுக்கும் சண்டை பிடிக்கச் சத்தில்லை. அம்மா ஓமென்றால் தங்களுக்கும் ஓம் என்று பாரத்தைத் தூக்கி அக்காவின் தலையில் வைத்துவிட்டார்கள். பேரன் அடுத்த ஞாயிறு சாப்பிட வரும்போது அம்மம்மா பதில் சொல்ல வேண்டும்.

அக்கா வெஸ்ட் ஈலிங் கோவிலுக்குப் போய் அம்மனிடம் கேட்டுப் பார்த்தார். அன்றைக்குக் கோவிலில் சரியான சனம். அம்மனுக்கும் எல்லோருக்கும் பதில் சொல்லி முடியவில்லைப் போல. அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தார்.

எங்கள் ஆட்களுக்குக் கல்யாணப் பேச்சு என்றால் முதலில் விசாரிக்க வேண்டும். பெண் வீட்டுக்காரருக்குத் தெரியாமல், தேங்காய் வாங்குகிற சாட்டிலோ ஆடு தேடுகிற சாட்டிலோ அந்தப் பக்கம் போவது. தாய் எப்படிக் கதைக்கிறாள், வீடு வாசலை எப்படி வைத்திருக்கிறாள், கோபம் வந்தால் எந்தச் சட்டியைத் தூக்கி எறிகிறாள் என்றெல்லாம் பார்த்துவிட்டு வருவது. கொரியாக்காரி வீட்டுக்கு எந்த ஆட்டைத் தேடிப் போவது? ஆனால் பெடியன் வாய் தவறி ஒன்றைச் சொல்லியிருந்தான். நியூ மோல்டனில் சனிக்கிழமை விடியற்காலையில் கூடுகிற கொரியத் தெருச் சந்தையில் பெட்டையின் தாய் கடை போடுகிறாராம். என்ன கடை, எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. கேட்டால் பிடிபட்டுவிடுவோம் என்று அக்காவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்து, நாளைக்கு இருட்டோடே வெளிக்கிட வேண்டும் என்றார். எனக்கு அந்தக் கல்யாணம் நடந்தாலும் ஒன்றுதான், குழம்பினாலும் ஒன்றுதான். சந்தையில் என்ன சாப்பிடலாம் என்று கேட்டேன்.

"அங்கதான் கவனம்" என்றார் அக்கா. "முடிவு சொல்ல முன்னம் அந்த மனுசியின்ர கையால பச்சைத் தண்ணியும் குடிக்கப்படாது. குடிச்சால் கை நனைச்ச மாதிரி. பிறகு மாட்டம் எண்டு சொல்ல ஏலாது."

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டும். பேச்சு முற்றாகும் வரைக்கும் மாப்பிள்ளை பகுதியார் பெண் வீட்டில் சாப்பிடுவதில்லை. சாப்பிட்டுக் கை கழுவினால் சம்மதம் என்று அர்த்தம். கையெழுத்தையாவது லோயரைப் பிடித்து இல்லையென்று ஆக்கலாம். தின்ற சோற்றை எந்த லோயர் வெளியே எடுப்பார்? அக்கா இந்தச் சட்டத்தில் மிகக் கறார். தன் தமையனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் விக்கல் எடுத்தபோதும் ஒரு மிடறு தண்ணீர் வாங்காமல், விக்கிக்கொண்டே திரும்பி வந்ததை இன்றைக்கும் போர்க்களத்துக்குப் போய் வந்த மாதிரிச் சொல்லுவார்.

சனிக்கிழமை என்றபடியால் எங்களுடைய இலவச பஸ் பாஸ் விடியற்காலையிலும் செல்லும். உளவு வேலைக்கு அரசாங்கம் செய்த உதவி. அக்கா மாறுவேடத்தில் வந்திருந்தார். சேலைக்கு மேலே கோட்டு, கோட்டுக்கு மேலே சால்வை, தலையில் காதை மூடுகிற கம்பளித் தொப்பி, காலில் பேரன் கழித்துவிட்ட சப்பாத்து. பொட்டை மட்டும் அழிக்க மனம் வரவில்லை. அது நெற்றியில் சிக்னல் லைட் மாதிரி எரிந்துகொண்டிருந்தது. கொரியாக்காரருக்கு நடுவில் தன்னை ஒருவரும் அடையாளம் பிடிக்கமாட்டார்கள் என்று அவருக்கு முழு நம்பிக்கை.

பஸ்ஸில் எங்களைத் தவிர இரவு ஷிப்ட் முடிந்து நித்திரை தூங்குகிற இரண்டு பேர். தாய் நல்ல மனுசியாக இருந்தால் என்ன செய்வது என்று அக்காவைக் கேட்டேன். சும்மா சீண்டத்தான் கேட்டேன். அவர் கண்ணாடிப் பக்கம் திரும்பினார்.

"இருக்கப்படாது. எனக்கு ஒரு குறை வேணும்" என்றார். பிறகு கண்ணாடிக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார்: "பெடியள் கட்டினாப் பிறகு பெட்டை பக்கம்தான் போவாங்கள். அவளுக்கும் ஒரு தாய் இருக்கிறா, அவவும் ஞாயிற்றுக்கிழமை சமைப்பா. பிறகு எனக்கு என்ன மிச்சம்?"

நான் வழக்கமாகப் பகிடி விடுகிற இடம் அது. விடவில்லை. பஸ் வளைவில் திரும்பியபடியால் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்தை ஸ்டேசனுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில். ஒன்பது மணிக்குக் கார்களுக்குத் திறந்துவிட வேண்டுமாம். அதனால் எல்லோரும் இருட்டோடே கூடாரம் கட்டி, விளக்குப் போட்டு, ஆவி பறக்கப் பறக்க விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்க வந்ததில் பாதிப்பேர் எங்கள் வயதுக் கிழடுகள். எங்களைப் போலவே இழுக்கிற வண்டில், எங்களைப் போலவே மற்றவர்களின் வண்டிலுக்குள் எட்டிப் பார்க்கிற கண். ஒரு கிழவி நீளமான முட்டைக்கோவாவைக் காதடியில் வைத்துத் தட்டிப் பார்த்தாள். அது என்ன பதில் சொன்னதோ, திருப்பி வைத்துவிட்டாள். கருவாட்டு மணம் வந்ததும் அக்கா சால்வையால் மூக்கைப் பொத்தினார். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரு முழுக்க நண்டு மணக்க வைக்கிறவர் அவர்.

இனிச் சம்பந்தியைக் கண்டுபிடிக்க வேண்டும். அக்கா நடுத்தெருவில் நின்று கடைகளை அளந்தார். அவருடைய கணக்கு எளியது. தன் பேரன் ஒரு சாதாரண கடைக்காரியின் மகளிடம் போய் விழுந்திருக்க மாட்டான். ஆகவே ஆகப் பெரிய கடை எதுவோ அதுதான் சம்பந்தி கடை. இரண்டு கூடாரத்தைச் சேர்த்துக் கட்டின ஒரு கடை இருந்தது. அகலமான சட்டிகளில் சிவப்புக் குழம்பு கொதித்தது. ஏவல் செய்ய மூன்று ஆட்கள். அவர்கள் நடுவில் காதில் முத்துத் தோடும் உதட்டில் சாயமுமாய் ஒரு மனுசி அகப்பையை நீட்டி நீட்டி அதட்டிக்கொண்டிருந்தாள்.

"இவதான்" என்றார் அக்கா. "மூக்கைப் பார். படத்தில கண்ட பெட்டையின்ர மூக்கு."

நானும் பார்த்தேன். மூக்கு மாதிரித்தான் இருந்தது.

அந்தக் கடையில் வாய் வைக்கக் கூடாது, ஆனால் நின்று பார்க்க ஒரு இடம் வேண்டும். நேரெதிரே சுவரோடு ஒட்டி ஒரு சின்னக் கடை. ஒரு அடுப்பு, ஒரு மேசை, ஒரு மெலிந்த மனுசி. அதிலே நின்று சாப்பிடுகிற மாதிரி அங்கால் பார்க்கலாம் என்று அக்கா திட்டம் போட்டார். சாப்பிடுகிற மாதிரி என்றுதான் அவர் சொன்னார். நான் அதற்கு வரவில்லை, சாப்பிடவே வந்தேன்.

மெலிந்த மனுசி இரும்பு அச்சுக்குள் மாவை ஊற்றி, உள்ளே எதையோ வைத்து, மூடிப் பிரட்டிச் சுட்டுக்கொண்டிருந்தாள். திறந்தால் உள்ளே மீன். கண், செதில், வால் எல்லாம் வைத்த மீன். அக்கா சனிக்கிழமையில் மச்சம் தொடுவதில்லை. அதைக் கண்டதும் பின்னுக்குப் போனார். நான் ஒன்றை வாங்கிப் பிய்த்துக் காட்டினேன். உள்ளே கடல் சம்பந்தப்பட்ட எதுவுமில்லை. சிவப்பு அவரைவிதையை அவித்துச் சீனி போட்டுப் பிசைந்திருந்தார்கள். மோதகத்துக்கு மீன் உடுப்புப் போட்ட மாதிரி. அக்கா கொஞ்சம் யோசித்தார். பிறகு அதன் முகத்தை மற்றப்பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு வாலிலிருந்து தொடங்கினார். இரண்டாவது மீனைத் தலையிலிருந்தே தின்றார்.

அந்த மனுசி எதைத் தந்தாலும் இரண்டு கையாலும் தந்தாள், குனிந்து தந்தாள். நாங்கள் ஒற்றைக் காலிலும் மற்றக் காலிலும் மாறிமாறி நிற்பதைக் கண்டு, மேசைக்குக் கீழிருந்து இரண்டு பிளாஸ்டிக் முக்காலியை இழுத்துப் போட்டாள். கேட்காமலே கடதாசிக் கோப்பையில் ஏதோ சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். வறுத்த பார்லி அவித்ததாம். அக்கா ஒரே மடக்காய்க் குடித்துவிட்டுக் கோப்பையை நீட்ட, அவள் திரும்பவும் ஊற்றினாள். இடையில் ஒருமுறை எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று போனில் மெதுவாகக் கதைத்தாள். புருசனோடு சண்டையாக்கும் என்று அக்கா தீர்ப்பு வழங்கினார். எதிர்க்கடைக்காரி இந்தப் பாவத்தின் வியாபாரத்தையும் சேர்த்து விழுங்குகிறாள் என்று ஒரு குற்றத்தையும் கையோடே பதிந்தார்.

குற்றங்கள் போதாமல் இருந்தன. அக்கா என்னைப் பார்த்தார்.

"நீ வேதக்காரிதானே. எங்களுக்குச் சொந்தமும் இல்லை. நீ போய் அவவின்ர சாப்பாட்டைத் திண்டு பாத்திட்டு வா. உனக்குக் கை நனைஞ்சால் ஒண்டுமில்லை."

சிலுவை சுமக்கிறதென்றால் எங்கள் ஆட்கள்தானே. போனேன். சிவப்புக் குழம்புக்குள் விரல் பருமனில் வெள்ளையாய் மிதந்ததைக் காட்டினேன். அரிசிமாவில் உருட்டினது. நான் வரிசையில் நிற்காமல் முன்னுக்குப் போனதற்கு முத்துத்தோட்டுக்காரி கொரியன் மொழியில் ஏசினாள். மொழி விளங்கவில்லை, ஏச்சு விளங்கியது. வாயில் வைத்தால் முதலில் இனிப்பு, பிறகு உறைப்பு, அதற்குப் பிறகு என் மேல்பல் செட் மாவோடு ஒட்டிக் கழன்று வந்துவிட்டது. சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்து சுவரைப் பார்த்தபடி செட்டைச் சரிப்படுத்தினேன். மெலிந்த மனுசி ஒன்றும் காணாதவள் போல எனக்கு ஒரு ரிஷ்யூக் கடதாசியும் இன்னொரு கோப்பை தண்ணீரும் தந்தாள்.

அக்காவுக்குப் பெரிய சந்தோசம். கொதிக்கக் கொதிக்க என் வாயிலிருந்து செய்தி எடுத்தார். உறைப்புக்குள் சீனி போடுகிறாள்; அப்படியென்றால் மனதில் ஒன்று வாயில் ஒன்று. வயது போன மனுசியை ஏசுகிறாள். நாளைக்குத் தன்னையும் ஏசுவாளாம். உதட்டுக்குச் சாயம் பூச இருட்டோடே எழும்புகிறவள் மகளை எப்படி வளர்த்திருப்பாள். கிடைத்துவிட்டது என்று அக்கா முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாளை மத்தியானம் பேரனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்கே ஒருமுறை சொல்லிப் பழகினார். தான் நேரே போய்ப் பார்த்ததாகவும், நல்ல குடும்பம்தான், ஆனால் தாய் சரியில்லை என்றும் சொல்லப் போகிறாராம். முகத்தைக்கூட அதற்கேற்ற மாதிரித் தொங்கப் போட்டுக் காட்டினார்.

வெற்றி என்றபடியால் இன்னொன்று வாங்கினோம். வட்டமாய்த் தட்டி எண்ணெயில் பொரித்த அப்பம், உள்ளே சீனிப்பாகும் கச்சான் கடலையும் கறுவாப்பட்டையும். மெலிந்த மனுசி, பொறுத்துச் சாப்பிடுங்கள், சுடும் என்று கையால் காட்டினாள். அக்கா பொறுக்கவில்லை. கடித்ததும் பாகு பீறிட்டு தாடையில் வழிந்து, விரலில் வழிந்து, மணிக்கட்டைத் தாண்டி முழங்கை வரைக்கும் இறங்கியது. அவர் அதை நக்கிப் பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் அந்தப் பெட்டை வந்தாள்.

கையில் ஒரு மாச்சாக்கு. ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. நாங்கள் இரண்டு பேரும் படத்தில் பார்த்த முகம். அக்கா என் தொடையில் இடித்தார். இப்போது எதிர்க்கடைக்குள் போவாள், தாய் அவளையும் ஏசுவாள், அதையும் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்று காத்திருந்தோம். பெட்டை முத்துத்தோட்டுக்காரிக்கு ஒரு தலையசைப்புப் போட்டாள். பிறகு நேரே எங்கள் மேசைக்குப் பின்னால் வந்து, சாக்கை இறக்கி வைத்து, மெலிந்த மனுசியின் தோளில் முகத்தை ஒருதரம் வைத்து எடுத்து, ஏப்ரனைக் கட்டினாள்.

இவ்வளவு நேரமும் நான் அவள் இவள் என்று சொன்ன மெலிந்த மனுசியை இனிமேல் அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தியம்மா.

அக்காவின் வாயில் அப்பம் இருந்தது. விழுங்கவும் முடியாது, துப்பவும் முடியாது. பெட்டை எங்களுக்கு முன்னால் வந்து இடுப்பு வரைக்கும் குனிந்து, "அம்மம்மா" என்றாள். பேரன் பழக்கியிருக்கிறான். மிச்சமெல்லாம் இங்கிலீசு. அக்காவுக்குப் பள்ளிக்கூட வாசலில் பெடியனுக்காகக் காத்து நின்று பொறுக்கின இங்கிலீசு இருக்கிறது, எனக்கு அதுவுமில்லை. அதனால் சம்பந்தியம்மா கொரியனில் சொல்ல, பெட்டை இங்கிலீசில் சொல்ல, அக்கா எனக்குத் தமிழில் சொன்னார். வழியில் எவ்வளவு ஒழுகியதோ தெரியாது, வந்து சேர்ந்தது இதுதான்.

பேரனின் போனைத் திறந்தால் முன்னுக்கே அக்காவின் படமாம், பொட்டோடு. நாங்கள் தெருவுக்குள் கால் வைத்தவுடனேயே சம்பந்தியம்மா அடையாளம் பிடித்துவிட்டார். முதுகைக் காட்டிக் கதைத்த போன் புருசனுக்கு இல்லை. புருசன் போய்ச் சேர்ந்து கனகாலம். அது மகளுக்கு. உன்னுடைய பெடியனின் அம்மம்மா வந்து எதிர்க்கடைக்காரியை முறைத்துப் பார்த்துக்கொண்டு நன்றாய்ச் சாப்பிடுகிறார், கெதியாய் வா, அதுவரைக்கும் சுட்டுக் கொடுத்து இருத்தி வைக்கிறேன் என்று. நாங்கள் பெண் பகுதியை விசாரிக்க வந்து முதுகு வளைய எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க, பெண் பகுதி எங்களை விசாரித்து முடித்துவிட்டது. எதிர்க்கடைக்காரிக்குப் பெண்பிள்ளையே இல்லையாம், இரண்டும் ஆண்கள். அவளுடைய மூக்கு அவளுடைய சொந்த மூக்கு.

அக்கா அப்பத்தை ஒருவழியாய் விழுங்கிவிட்டு என் காதுக்குள் வந்தார்.

"காசு குடுத்துத்தானே திண்டனாங்கள். கடையில வாங்கித் தின்னுறது கை நனைக்கிறதில சேராது."

"ஓம் அக்கா" என்றேன். "அந்தத் தண்ணிக்கும் குடுத்தனீங்களோ?"

அவர் காலடியில் இருந்த கடதாசிக் கோப்பைகளைப் பார்த்தார். ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கி வைத்திருந்தார், கிளீன் பண்ணுகிற வேலை செய்த பழக்கம். பாகு வழிந்த கையைச் சேலையில் துடைக்கவும் மறந்து, முன்னுக்கு நீட்டிப் பிடித்தபடி இருந்தார். கை நனைத்தல் என்றால் இதுதான் என்று படம் எடுத்துப் போடலாம்.

பெட்டை பாவம், எங்கள் சட்டம் தெரியாமல், நல்லது சொல்லுகிறேன் என்று நினைத்து இன்னொன்றைச் சொன்னாள். பேரன் ஒவ்வொரு சனிக்கிழமையும் இருட்டோடே வந்து கூடாரம் கட்டித் தந்துவிட்டுத்தான் திரும்பிப் போய் நித்திரை கொள்வானாம். இன்றைக்கும் வந்து கட்டிவிட்டுப் போய்விட்டானாம். அக்காவின் முகம் கறுத்தது. அரிசி மூட்டையை மேல்மாடிக்குத் தூக்கித் தரச் சொன்னால் நாரி நோகுது, இடுப்புப் பிடிக்குது என்கிற பிள்ளை அவன். சனிக்கிழமை காலையில் ஏன் போன் எடுப்பதில்லை என்று கேட்டதற்கு, ஜிம்முக்குப் போகிறேன் என்று சொன்ன பிள்ளை. தலைக்கு மேலே இருந்த கூடாரத்தை அக்கா அண்ணாந்து பார்த்தார். கயிறுகளை நாலு மூலையிலும் ஒழுங்காய் இழுத்து முடிந்திருந்தான். பஸ்ஸில் எதற்குப் பயந்தாரோ அது கல்யாணத்துக்கு முன்னமே நடந்து முடிந்திருந்தது.

எழும்பிவிடுவார் என்று நினைத்தேன். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றினார். அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு மேசையைச் சுற்றி வந்தார். சுடுதண்ணீரில் பிழிந்த ஒரு துணியைக் கொண்டுவந்து, அக்காவின் கையைக் கேட்காமலே எடுத்து, முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் பாகைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், மகளிடம் ஏதோ சொன்னார். பெட்டை உடனே சொல்லவில்லை. தாயோடு மெல்லச் சண்டை பிடித்தாள். தாய் திரும்பவும் அதையே சொன்னார். பிறகுதான் பெட்டை தலையைக் குனிந்துகொண்டு அக்காவுக்கு இங்கிலீசில் சொன்னாள். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எடி, கலியாணம் முடிஞ்சால் தன்ர பிள்ளையை நாங்கள் வைச்சுக்கொண்டிடுவமாம். சனிக்கிழமை மட்டும் தன்னட்ட விடுவமோ எண்டு கேக்கிறா."

சம்பந்தியம்மா இப்போதும் கையை விடவில்லை. அக்காவும் இழுக்கவில்லை. எதிர்க்கடையில் அகப்பை தட்டுகிற சத்தம் கேட்டது.

அக்கா தன்னிடம் இருந்த இங்கிலீசு முழுவதையும் எடுத்தார்.

"சற்றர்டே, யூ" என்று சம்பந்தியம்மாவைக் காட்டினார். பிறகு ஈரக் கையைத் தன் நெஞ்சில் வைத்து, "சண்டே, மீ. போத். டூ பீப்பிள்" என்றார்.

பெட்டை மொழிபெயர்க்க வாய் திறந்தாள். தேவைப்படவில்லை. சம்பந்தியம்மா தலையை ஆட்டி ஆட்டி, விரலை நீட்டி ஏதோ திருத்தம் கேட்டார். பண்டிகை நாள்கள் எப்படி என்று கேட்கிறாராம். தைப்பொங்கலும் தீபாவளியும் இந்தப் பக்கம், அவர்களுடைய வருசப்பிறப்பும் அறுவடைப் பெருநாளும் அந்தப் பக்கம், நத்தாரை, எங்கள் கிறிஸ்மஸை, யாரும் கேட்காதபடியால் நான் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் காது கொடுக்கவில்லை. சீதனம், நகை, மண்டபம் எதுவும் பேசவில்லை. காணி பிரிக்கிற மாதிரி இரண்டு கிழவிகள் உட்கார்ந்து நாள்களைப் பிரித்தார்கள். கட்டப்போகிற இரண்டு பேருக்கும் திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் வேலை. மிச்சமிருந்த சனியும் ஞாயிறும் அன்றைக்குப் போய்விட்டன. கல்யாணம் எப்போது முடிப்பார்கள், எங்கே வைத்துக் கதைத்துப் பேசுவார்கள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. அந்தப் பெட்டை மட்டும் ஏப்ரன் நுனியைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றாள். கெட்டிக்காரி, எங்களில் யாரும் நூறு வயது வரைக்கும் இருக்கப்போவதில்லை என்று கணக்குப் பார்த்திருப்பாள்.

கிளம்பும்போது சம்பந்தியம்மா ஒரு பை நிறைய மீன் சுட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். அக்காவும் இரண்டு கையையும் நீட்டி வாங்கினார். காசைப் பற்றி ஒரு கதையும் எழவில்லை. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு, தன் வயதுக்கு ஒருத்தியும் தன் கையை இப்படித் துடைத்துவிட்டதில்லை என்று சொன்னார். அதைச் சொன்ன கையோடே, ஆனால் அந்தப் பாகுக்குச் சீனி கொஞ்சம் கூட என்றும் சொன்னார். அக்காவுக்குக் குறை இல்லாமல் வாழ ஏலாது.

ஞாயிற்றுக்கிழமை பேரன் வந்தான். அவனுக்கு எல்லாம் முதல் நாளே போனில் போய்விட்டது. அவனுக்குத் தெரியுமென்று அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் அவனை இருத்தி, நண்டுக் குழம்பு ஊற்றி, முகத்தைத் தொங்கப் போட்டு, கிழமை முழுக்க நித்திரை கொள்ளாமல் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன் என்று தொடங்கினார். அவனும் தலையைக் குனிந்து பயந்த மாதிரி இருந்தான். நல்லாய் வளர்த்திருக்கிறார். சாப்பிட்டு முடிந்ததும் கேட்காமலே மூலையில் கிடந்த அரிசி மூட்டையை மேல்மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். அக்கா பார்க்காத மாதிரி ஜூசுக்குத் தேசிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்.

இது உங்களுக்குச் சொன்னது. தெருவில் இருக்கிறவர்களுக்கு நான் வேறு மாதிரிச் சொன்னேன். நாங்கள் இருட்டோடே வெளிக்கிட்டதைத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தவர்கள், பூசை முடிந்து சேர்ச் ஹோலில் தேத்தண்ணி குடிக்கிற நேரம் என்னைச் சுற்றி வளைத்தார்கள். எங்கட ஆக்களில் பொம்பிளை கிடைக்கவில்லையாமோ என்று ஒருத்தி தொடங்கினாள். நான் குரலைத் தாழ்த்தினேன். அதை ஏன் கேட்கிறீர்கள், பெண் பகுதி பயங்கரக் கண்டிப்பு என்றேன். எங்களை மணித்தியாலக் கணக்காய் முக்காலியில் இருத்தி வைத்து, தின்னக் கொடுத்துப் பார்த்து, பல்லுக்கூடச் சோதித்துத்தான் ஓமென்றார்கள், மயிரிழையில் தப்பினோம் என்றேன். எல்லோருக்கும் முகம் மாறிவிட்டது. அப்படியான இடத்தில் தங்கள் பெடியனுக்கும் ஒன்று எடுக்கலாமோ என்று ஒருத்தி யோசிக்கிறது எனக்குத் தெரிந்தது.

கடைசியில் ஆகப் பெரிய விடுப்புக்காரி, ஒன்பது மணி வரைக்கும் கட்டிலை விட்டு இறங்காதவள், பிஸ்கட்டைத் தேத்தண்ணிக்குள் தோய்த்தபடி என் காதடிக்கு வந்து எங்கள் சனம் கேட்காமல் விடாத, சாதியென்று சொல்லாமலே சாதி விசாரிக்கிற அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அது சரி, அவையள் என்ன ஆக்கள்?"

"விடியப்பறம் எழும்புற ஆக்கள்" என்றேன். "உங்களுக்கு அவையோட சரிவராது."